மீன்பாசி ஏலம்: கூமாப்பட்டிக் கண்மாய்களும் மீன் வளர்ப்பும்

2025 ஜூன் மாதம் தமிழ்நாட்டுக் கைபேசிகளில் எல்லாம் கூமாப்பட்டி ஓடியது. விருதுநகர் மாவட்டத்தில் வத்திராயிருப்புக்குப் பக்கத்தில் இருக்கும் இந்த ஊரின் பெயரை அதுவரை கேள்விப்படாதவர்கள்கூட ஒரு ரீல்ஸைப் பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு வந்தார்கள். மலையடிவாரம், தென்னந்தோப்பு, வயல், பிளவக்கல் அணை. அணையில் இறங்கிக் குளிக்கக் கூடாது என்று தெரிந்ததும் பலர் முகம் சுளித்துத் திரும்பினார்கள். கரையில் நின்று படமெடுத்தவர்கள் கவனிக்க வாய்ப்பில்லாத ஒரு தொழில் அந்தத் தண்ணீருக்குள் ஆண்டுதோறும் நடக்கிறது. மீன் வளர்ப்பு. அது அந்தத் தண்ணீரை என்ன செய்கிறது என்பதுதான் இங்கே கேள்வி.

மீன் வளர்ப்பின் சுற்றுச்சூழல் பாதிப்பு என்றதும் நமக்குக் கடலோர இறால் பண்ணைகள்தான் நினைவுக்கு வரும். காரணம் உண்டு. ஒருங்கிணைந்த தஞ்சை மாவட்டத்தின் கடற்கரையில் 1990-களின் தொடக்கத்தில் இறால் குட்டைகள் முளைத்தபோது குடிநீர்க் கிணறுகள் உப்பாயின, வயல்கள் கெட்டன, மீனவர்கள் கடலுக்குப் போகும் பாதைகள் அடைபட்டன. சர்வோதயத் தலைவர் எஸ்.ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருந்த இறால் பண்ணைகளை அகற்றச் சொன்னது. நாக்பூரில் உள்ள நீரி ஆய்வு நிறுவனம் போட்ட கணக்கில், இறாலால் வந்த வருமானத்தைவிட அதனால் ஏற்பட்ட இழப்பே பெரிதாக இருந்தது. பிறகு 2005-இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்தது. தீர்ப்பு மூடச் சொன்ன கதவை ஒழுங்குமுறை என்ற பெயரில் அது மறுபடி திறந்துவிட்டது என்பது என் கருத்து. அந்தக் கதை பலமுறை எழுதப்பட்டுவிட்டது. உள்நாட்டுக் கண்மாய்களின் கதை அவ்வளவாக எழுதப்படவில்லை. இந்தியாவில் பிடிபடும், வளரும் மீனில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு இன்று உள்நாட்டு நீரிலிருந்துதான் வருகிறது என்பதை வைத்துப் பார்த்தால் இந்த மௌனம் வியப்பாக இருக்கிறது.

கூமாப்பட்டிப் பகுதியின் தண்ணீர் ஒரு தொடர். மேற்கே ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகம். 2021-இல் அறிவிக்கப்பட்டது, தமிழ்நாட்டின் ஐந்தாவது. அந்தக் காட்டிலிருந்து இறங்கும் ஓடைகளைப் பெரியாறு, கோவிலாறு என்ற இரண்டு அணைகள் பிடித்து வைக்கின்றன. சேர்த்துப் பிளவக்கல் என்கிறோம். அங்கிருந்து வாய்க்கால் வழியே சுமார் 40 கண்மாய்களுக்குத் தண்ணீர் போகிறது. ஒரு கண்மாய் நிரம்பினால் கலுங்கு வழியாக அடுத்த கண்மாய்க்கு. எஞ்சியது அர்ச்சுனா நதியில் சேர்ந்து, சாத்தூர்ப் பக்கம் கொல்வார்பட்டி அணையில் கொஞ்சம் நின்று, வைப்பாற்றில் கலந்து, மன்னார் வளைகுடாவுக்குப் போகிறது. மேலே ஒருவர் தண்ணீரில் எதைப் போட்டாலும் கீழே இருப்பவர் வீட்டு வாசலுக்கு அது வந்து சேரும். மீன் குஞ்சுக்கும் இது பொருந்தும்.

இந்தக் கண்மாய்களில் மீன் வளர்க்கும் உரிமையைத்தான் ஊரில் மீன்பாசி என்கிறார்கள். ஏலம் விடுவார்கள், அதிகம் கேட்டவருக்குக் குத்தகை. கண்மாய் ஊராட்சி ஒன்றியத்துடையதா, நீர்வளத் துறையுடையதா என்பதைப் பொறுத்து ஏலம் விடும் அலுவலகம் மாறும், குத்தகைக் காலமும் மாறும். கணக்கு மட்டும் பெரும்பாலும் பசலி ஆண்டில்தான்: ஜூலை 1-இல் தொடங்கி ஜூன் 30-இல் முடியும். முகலாயர் காலத்து வருவாய்க் கணக்கு இது. நிலவரிக்காகப் போட்ட கணக்கில் இன்று மீனும் வளர்கிறது.

கண்மாய்க்கு வேறொரு நாட்காட்டி. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கினால் நவம்பர், டிசம்பரில் தண்ணீர் பெருகும். நெல்லுக்கு மடை திறந்துவிட, பங்குனி சித்திரையில் தண்ணீர் வற்றும். ஆக, பெரும்பாலான கண்மாய்களில் மீன் வளரக் கிடைப்பது நான்கு முதல் ஆறு மாதம். கட்லாவும் ரோகுவும் ஒரு கிலோ எடைக்கு வர நல்ல குட்டையிலேயே ஏறக்குறைய ஓராண்டு ஆகும். குத்தகைக்காரர் ஏலத்தொகையை முன்கூட்டியே கட்டியிருப்பார். குஞ்சு வாங்கிய செலவு, காவலுக்கு ஆள் வைத்த செலவு வேறு. மழை பொய்த்தால் எல்லாம் போச்சு. குத்தகை முடிந்த பிறகு கண்மாய் எப்படி இருந்தால் அவருக்கு என்ன? இதை அவருடைய பேராசை என்று திட்டுவது எளிது. கையில் கொடுத்த கால அளவும் நிபந்தனையும் அப்படி இருந்தால் யார் குத்தகை எடுத்தாலும் அப்படித்தான் செய்வார்கள். கண்மாய் மீன் வளர்ப்பின் கேடுகளில் பெரும்பங்கு மீனால் வருவதில்லை, ஏலத் தாளில் எழுதாமல் விட்ட வரிகளால் வருகிறது என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

மீனுக்கு முதலில் நியாயம் செய்துவிடலாம். இன்று நம் கண்மாய்களில் விடப்படும் கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் கங்கைச் சமவெளியின் மீன்கள். கட்லாவுக்குக் கோதாவரி, கிருஷ்ணாவிலும் இடமுண்டு. 1957 ஜூலை 10-இல் ஒடிசாவில் ஹீராலால் சௌத்ரி ஹார்மோன் ஊசி போட்டுக் கெண்டை இனத்தைக் குட்டையிலேயே முட்டையிட வைத்த பிறகுதான் ஆற்றில் குஞ்சு பிடிக்கும் அவசியம் போய், நாடு முழுதும் மீன் குஞ்சு மலிந்தது. அந்த நாளைத்தான் தேசிய மீன் வளர்ப்போர் நாளாகக் கொண்டாடுகிறோம். மூன்றும் தண்ணீரை மாடி வீடு போலப் பிரித்துக்கொள்கின்றன: கட்லா மேலே மிதவை உயிரிகளை வடித்துத் தின்னும், ரோகு நடுவில், மிர்கால் தரையில். மூன்றுக்கும் கடல் மீனை அரைத்துப் போட வேண்டியதில்லை. அளவாகக் குஞ்சு விட்டு, தவிடும் கடலைப் புண்ணாக்கும் கொஞ்சம் போட்டு வளர்க்கும்வரை, புரதம் தரும் தொழில்களில் இதைவிடச் சாதுவான ஒன்றைக் காண்பது கடினம்.

தீனி கூடும்போதுதான் சிக்கல். மீனுக்குப் போடும் தீனியில் உள்ள நைட்ரஜனில் கால்பங்கு, மிஞ்சினால் மூன்றில் ஒரு பங்குதான் மீன் உடம்பில் சேரும். மற்றது கழிவாகவும் தின்னாமல் மிஞ்சிய தீனியாகவும் தண்ணீரில் தங்கும். பாசி பச்சைப் பசேலென்று பொங்கும். பகலில் ஆக்சிஜன் தரும் அதே பாசி இரவில் அதை இழுத்துக்கொள்ளும். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தால் ஆக்சிஜன் தீர்ந்துவிட்டது என்று பொருள். அடுத்து அவை செத்துக் கரை ஒதுங்கும். பண்ணைக் குட்டையில் இது உரிமையாளரின் நட்டம். கண்மாயில் அதே தண்ணீரைத்தான் மாடு குடிக்கிறது, துணி துவைக்கிறார்கள்.

ஆனால் கண்மாய்க்கு ஒரு சாதகம் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். மீன் கழிவு கலந்த தண்ணீர் மடை வழியே நேரே நெல் வயலுக்குப் போகிறது. நைட்ரஜனும் பாஸ்பரஸும் அங்கே உரம். ஆந்திராவின் கொல்லேறு ஏரியில் இந்த வாய்ப்பு இல்லை. கிருஷ்ணா, கோதாவரிக் கழிமுகங்களுக்கு இடையே உள்ள அந்த நன்னீர் ஏரி 1999-இல் சரணாலயமானது, 2002-இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. அதற்குள் ஏரியின் பெரும்பரப்பைக் கரை போட்டு மீன் குட்டைகளாக்கிவிட்டிருந்தார்கள். 2006-இல் அரசே வெடி வைத்து அந்தக் கரைகளைத் தகர்த்தது. பின்னர் பல மறுபடி முளைத்தன. நம் ஊர்ச் சந்தைகளுக்கு ஐஸ் பெட்டியில் வரும் ‘ஆந்திரா மீன்’ பெரும்பாலும் அந்த வட்டாரத்துக் குட்டைகளில் வளர்ந்தது. கூமாப்பட்டிக் கண்மாய் மீனைத் தவிர்த்துவிட்டு அதை வாங்குவதால் இயற்கைக்கு ஒரு நன்மையும் இல்லை.

இனிக் கேடுகளுக்கு வருவோம். முதலாவது, குஞ்சு விடுவதற்கு முன் நடப்பது. வளர்ப்பு மீனின் குஞ்சை விரால் தின்னும், சிறு மீன்கள் தீனிக்குப் போட்டியிடும் என்பதால், பழைய மீன்களை முழுதாக அழித்துவிட்டுத் தொடங்கு என்பது குட்டை மீன் வளர்ப்பின் பாலபாடம். அதற்கு இலுப்பைப் புண்ணாக்கு. அதில் உள்ள சப்போனின் மீனின் செவுளைத் தாக்கிக் கொல்லும். இரண்டு மூன்று வாரத்தில் வீரியம் குறைந்து உரமாகிவிடும். ஹெக்டேருக்கு இரண்டரை டன் என்பது கையேடுகள் சொல்லும் அளவு. சொந்த நிலத்தில் வெட்டிய குட்டைக்கு இது சரிதான். கண்மாயில் செய்தால்? விரால், குரவை, கெளுத்தி, ஆரல், உளுவை, நாட்டுக்கெண்டை, மதுரைப் பக்கம் விலை ஏறிக்கொண்டே போகும் அயிரை எல்லாம் சேர்ந்தே சாகும். இவை யாரும் காசு கொடுத்து விட்ட மீன்கள் அல்ல. முதல் மழையில் புதுத்தண்ணீரை எதிர்த்து வாய்க்காலில் ஏறி முட்டையிட்டுத் தாமாகவே பெருகுபவை. கண்மாய் வற்றும்போது கடைசிக் குழியிலும் சேற்றிலும் ஒதுங்கி அடுத்த மழைவரை உயிரைப் பிடித்து வைத்திருப்பவை. குத்தகை முடியப்போகும் மாதத்தில் மோட்டார் வைத்துக் கடைசிக் குழியையும் இறைத்துப் பிடித்தால், நஞ்சு போடாமலேயே அதே விளைவுதான்.

சத்து என்று பார்த்தாலும் இழப்பு சிறியதல்ல. முள்ளோடு தலையோடு தின்னப்படும் சிறுமீனில்தான் சுண்ணாம்புச்சத்தும் வைட்டமின் ஏ-யும் மிகுதி. துண்டு போட்டு விற்கும் பெரிய மீனில் அது கிடைக்காது. கண்மாயில் தூரி போட்டு நாலு கைப்பிடி மீன் எடுத்துப் போய்க் குழம்பு வைத்த வீடு, இப்போது கிலோ விலைக்குக் கட்லா வாங்க வேண்டும். டன் கணக்கில் உற்பத்தி ஏறியது புள்ளிவிவரத்தில் தெரியும். இந்தக் குழம்பு எந்தப் புள்ளிவிவரத்திலும் ஏறாது.

இரண்டாவது, தண்ணீர். கண்மாய் முதலில் பாசனத்துக்கு. மீன் அதற்குப் பின். இது எழுதப்பட்ட விதியும்கூட. ஆனால் மீனுக்கு வேண்டிய தண்ணீரும் நெல்லுக்கு வேண்டிய தண்ணீரும் நாள் ஒத்துப்போவதில்லை. மீன் இன்னும் வளர வேண்டிய நேரத்தில் வயல் தண்ணீர் கேட்கும். மீன் பிடிக்கும் நேரத்தில் கண்மாயில் தண்ணீர் அதிகம் கிடந்தால் குத்தகைக்காரருக்கு இடைஞ்சல். இரவோடு இரவாக மடையைத் திறந்து தண்ணீரை வீணாக வெளியேற்றிவிட்டார்கள் என்று விவசாயிகள் மனுவோடு போய் நிற்பது தென்மாவட்டங்களில் ஆண்டுதோறும் வரும் செய்தி. மழைக்காலத்தில் வேறொன்று: மீன் தப்பிவிடாமல் கலுங்கில் வலை கட்டுவார்கள். வலையில் ஆகாயத்தாமரையும் குப்பையும் சேர்ந்து அடைத்தால், கலுங்கு வழியே போக வேண்டிய வெள்ளம் கரையை முட்டும். நூறு ஏக்கர் பாசனக் கண்மாயின் கரை சில ஆயிரம் ரூபாய் மீனுக்காக ஆபத்தில் நிற்கும்.

மூன்றாவதுதான் ஆகக் கெட்டது. ஆப்பிரிக்கக் கெளுத்தி. சந்தையில் ‘தேளி விரால்’ என்று விற்றுவிடுவார்கள். ஆக்சிஜன் தீர்ந்த சாக்கடைத் தண்ணீரிலும் காற்றை நேரடியாகச் சுவாசித்து வாழும். ஈரத் தரையில் நெளிந்து அடுத்த நீர்நிலைக்குப் போகும். மீன், தவளை, குஞ்சு, அழுகல் எதையும் விடாது. ஆறு மாதத்தில் விற்கும் எடைக்கு வந்துவிடும் என்பதால் குறைந்த காலக் குத்தகைக்கு அளவெடுத்துத் தைத்த மீன் போல இருக்கிறது. தீனிச் செலவும் இல்லை: கறிக்கடைக் கோழிக்கழிவை மூட்டை மூட்டையாகக் கொட்டினால் போதும். 2000-ஆம் ஆண்டிலேயே மத்திய அரசு இதை வளர்க்கத் தடை விதித்தது. 2019-இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயமும் கண்டித்தது. மாவட்ட ஆட்சியர்கள் அவ்வப்போது எச்சரிக்கை விடுகிறார்கள், அங்கங்கே குட்டைகளை அழிக்கிறார்கள். கெளுத்தி நிற்கவில்லை. காரணம், கோழிக்கழிவுக்கு வேறு போக்கிடம் இல்லை. கழிவை அகற்ற வழி செய்யாமல் மீனை மட்டும் தடை செய்தால் தடை காகிதத்தில்தான் இருக்கும்.

வெளியிலிருந்து வந்த மீன் நீர்நிலையை எப்படி எடுத்துக்கொள்ளும் என்பதற்கு நம்மிடம் எழுபது ஆண்டுப் பாடம் இருக்கிறது. 1952-இல் மண்டபத்துக்குத் திலேப்பியா வந்தது. ஏழைகளின் புரதம் என்று குளம் குளமாக அரசே விட்டது. வாயில் முட்டையை அடைகாத்து, சில மாதத்துக்கு ஒருமுறை பெருகி, மற்ற மீனுக்கு இடம் விடாது என்று தெரிந்து 1959-இல் பரப்புவதை நிறுத்தச் சொன்னார்கள். ஏழே ஆண்டு. அதற்குள் ஜிலேபிக் கெண்டை என்ற பெயரோடு அது ஊர் மீனாகிவிட்டது. அமராவதி, வைகை அணைகளில் ஒரு காலத்தில் பிடிபட்டதில் பெரும்பங்கு ஜிலேபியே. இமாச்சலத்தின் கோவிந்த் சாகரில் 1971 வெள்ளத்தில் பண்ணையிலிருந்து தப்பிய வெள்ளிக் கெண்டை கட்லாவை ஓரங்கட்டியது. கேரளத்தில் 2018 பெருவெள்ளத்துக்குப் பிறகு ஆறுகளில் வலை போட்டவர்களுக்குத் தென்னமெரிக்க அரபைமா சிக்கியது. ஆற்றிலும் அணையிலும் ஒருமுறை பரவிய மீனைத் திரும்ப எடுப்பது ஏறக்குறைய நடக்காத காரியம்.

கூமாப்பட்டிக்கு இதில் தனிக் கவலை ஒன்று இருக்கிறது. கீழே உள்ள ஊர்களுக்குத் தண்ணீர் ஒரு திசையில்தான் வரும். மீன் இரண்டு திசையிலும் போகும். அணையில் விட்ட மீன் மேலே காட்டோடைக்கும் ஏறும். மேற்குத் தொடர் மலையில் கணக்கிடப்பட்ட சுமார் 290 நன்னீர் மீன் இனங்களில் மூன்றில் இரண்டு பங்கு உலகில் வேறெங்கும் கிடையாது. ஸ்ரீவில்லிபுத்தூர் மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தின் தேக்கடி. அங்குள்ள பெரியாறு ஏரியிலும் (பிளவக்கல்லின் பெரியாறு அணை வேறு) அதன் ஓடைகளிலும் மட்டுமே வாழும் மீன்கள் சில உண்டு. லெப்பிடோபைகாப்சிஸ் டைபஸ் அவற்றில் ஒன்று. புலிகள் காப்பகத்தின் நடுவே, காவல் உள்ள அந்த ஏரியிலேயே சாதாக் கெண்டையும் ஜிலேபியும் பெருகி, உள்ளூர் மீன்களின் உணவையும் இடத்தையும் பிடித்துக்கொண்டதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். புலிக்கும் சாம்பல் நிற அணிலுக்கும் காப்பகம் அமைத்தோம். கல்லில் ஒட்டி வாழும் விரல் நீள மீனுக்கு அப்படி யாரும் வாதாடவில்லை. பிளவக்கல் காட்டின் ஓரத்திலேயே இருப்பதால், அங்கு விடும் ஒவ்வொரு குஞ்சின் இனத்தையும் வனத்துறை பார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்பது அளவுக்கு மீறிய கோரிக்கை ஆகாது.

பறவைகளைப் பற்றி ஒரு வார்த்தை. நீர்க்காகமும் கூழைக்கடாவும் குத்தகைக்காரர் கண்ணுக்குத் திருடர்கள்; வெடி போட்டு விரட்டுவார்கள். சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடியில் பறவைகளுக்காகத் தீபாவளிக்கும் வெடி போடாத ஊர்க்காரர்கள் இருக்கிறார்கள். கண்மாய் ஊருடையது என்ற எண்ணம் எங்கே இருக்கிறதோ அங்கே இது நடக்கிறது.

பழைய ஏற்பாடுகளிலும் மீனுக்குக் காசு வாங்கியிருக்கிறார்கள். கல்வெட்டுகளில் பாசிப்பாட்டம் என்று ஒரு வரி வருகிறது. குளத்து மீன் வருமானத்தைக் குளத்தைத் தோண்டிச் செப்பனிடவே ஒதுக்கிய செய்திகளும் உண்டு. மீன் தந்த காசு மீன் வாழ்ந்த இடத்துக்கே திரும்பியது. இன்று ஏலத்தொகை அலுவலகக் கணக்கில் சேர்ந்து பொதுவில் கரைந்துவிடுகிறது. கரையில் உடைப்பு விழுந்தால் விவசாயி மனு எழுதுகிறார். அந்தத் தொடர்பு அறுந்த பிறகு ஏலம் என்பது தண்ணீரை விற்கும் வேலையாகச் சுருங்கிவிட்டது.

செய்யக்கூடியது பெரிய திட்டம் ஒன்றுமில்லை. பெரிய திட்டம் ஏற்கெனவே வந்துவிட்டது: 2020-இல் தொடங்கிய பிரதமரின் மீன்வளத் திட்டம் 20,050 கோடி ரூபாய். அதில் பயோஃப்ளாக் தொட்டி (சிறு இடத்தில் மீனை நெருக்கி வளர்க்கும் முறை) வைக்கவும் குட்டை வெட்டவும் மானியம் ஒதுக்கப்பட்டது. உலகம் முழுதும் 2022-இல் முதல் முறையாக, பிடித்த மீனைவிட வளர்த்த மீன் அதிகமாகிவிட்டது என்று ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு சொல்கிறது. ஆகவே மீன் வளர்ப்பு நிற்கப் போவதில்லை, நிற்கவும் வேண்டாம். அதிகம் தீனி போட்டு வளர்க்க நினைப்பவர் சொந்தக் குட்டை வெட்டி, கழிவுத் தண்ணீரைத் தென்னைக்குப் பாய்ச்சி வளர்க்கட்டும். கூமாப்பட்டியில் தென்னைக்குப் பஞ்சமில்லை. கண்மாயில் வளர்ப்பவருக்கு ஏலத் தாளிலேயே ஏழு வரி சேர்த்தால் போதும். நஞ்சும் இலுப்பைப் புண்ணாக்கும் கூடாது. கோழிக்கழிவு கண்டால் குத்தகை ரத்து. குஞ்சு எந்தப் பண்ணையில் வாங்கியது என்பதற்கு ரசீது காட்ட வேண்டும். கலுங்கில் வலை கட்டக் கூடாது. மடைச் சாவி பாசனக்காரர்களிடமே இருக்கும். கடைசிக் குழியை இறைக்கக் கூடாது. ஏலத்தொகையில் ஒரு பகுதி அதே கண்மாயின் கரைக்கும் மடைக்கும் செலவாக வேண்டும். குத்தகைக் காலம் நீண்டால் குத்தகைக்காரருக்கும் கண்மாயைக் காப்பதில் ஆதாயம் இருக்கும், அதையும் கொடுக்கலாம்.

புதுப் பசலி ஜூலை 1-இல் பிறக்கிறது. அதற்கு முன்னால் மே 1 கிராமசபை இருக்கிறது. வத்திராயிருப்பு வட்டாரத்தில் ஆயக்கட்டு நிலம் வைத்திருப்பவர்களும் வைத்திருக்காதவர்களும் அன்று எழுந்து, உங்கள் கண்மாயின் மீன்பாசி ஏல நிபந்தனையை வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். அதில் மேற்சொன்ன வரிகள் இல்லையென்றால் சேர்க்கச் சொல்லித் தீர்மானம் போடுங்கள்.